சனிக்கிழமை வேண்டாம் என்ற அணி

கால்பந்து அட்டவணை போடுகிறவனை நம்புகிற ஆள் எந்த ஊரிலும் கிடையாது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. வெயில் தாழ்ந்த நேரத்தை ஒரு அணிக்குக் கொடுத்தால், வெயிலில் ஆடப்போகும் அணி உங்களைச் சந்தேகப்படும். வெயிலில் ஆடிய அணி ஜெயித்துவிட்டால், தோற்ற அணி சந்தேகப்படும். இரண்டும் சமமாக ஆடினால், இரண்டும் சேர்ந்து ரெஃபரியைச் சந்தேகப்பட்டுவிட்டு, அந்த ரெஃபரியை யார் போட்டது என்று கேட்டுக்கொண்டு உங்கள் அறைக்கு வரும். டீ கொடுங்கள். குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

துபாயில் அல் கூஸில், கிடங்குகளுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் நடுவே இருந்த ஒரு தனியார் மைதானத்தில் பல வருடம் எனக்கு இதுதான் பிழைப்பு. லேபர் கார்டில் 'ஆபீஸ் அசிஸ்டென்ட்' என்று இருக்கும். பார்த்த வேலை, யார் யாரோடு எந்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு ஆடுவது என்று முடிவு செய்வது. இப்போது உங்களுக்குக் கம்ப்யூட்டர் அட்டவணை போட்டுத் தருகிறது, நல்லது. ஆனால் அட்டவணைக்குள் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்பதை அது சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும், அங்கேதான் தவறும் நடக்கும். நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மைதானத்தில் குளிர்காலம்தோறும் நடந்த லீக்கில் ஆடியவை எல்லாம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள். வளைகுடாவில் நாலு தமிழன் சேர்ந்தால் ஒரு சங்கம், எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டு சங்கம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் அதிர்ஷ்டம், சண்டை போடுவதற்குப் பதிலாக அவர்கள் பந்து ஆடினார்கள். விதி ஒன்றே ஒன்று. ஆடுகிறவன் அந்தக் கல்லூரியில் படித்து முடித்தவனாக இருக்கவேண்டும். அதைப் பார்த்துச் சரிசொல்வது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில் எனக்குக் கொஞ்சம் பெயரும் கிடைத்திருந்தது. லீக் தொடங்கிய காலத்தில் ஒரு அணி, தோற்கிற நிலையில் இருந்தபோது பாதி ஆட்டத்தில் ஒரு புது ஆளை இறக்கியது. ஆள் காற்றாய்ப் பறந்தான். பட்டியலில் பெயர் ரஃபீக். நான் கோட்டுக்கு வெளியே அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ரஃபீக்! ரஃபீக்!" என்று மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்த பிறகுதான் அவனுக்குத் தன் பெயர் ஞாபகம் வந்தது. அவன் எந்தக் கல்லூரியிலும் கால் வைக்காத ஆள், பந்துக்காக இரவல் வாங்கப்பட்டவன். அன்று முதல் "உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்கச் சுகமாக இருந்தது. மஞ்சள் காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் காமாலை வந்தது அன்றைக்குத்தான்.

லீக்கைப் பெரிதாக்கிய வருடத்துக்கு வருகிறேன்.

வியாழன், வெள்ளி என்றிருந்த வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறிய சமயம் அது. ஆபீஸ்காரர்களுக்குக் கொண்டாட்டம். கட்டட வேலைக்காரர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அவர்களுக்கு அப்போதும் வெள்ளி மட்டும்தான், பிறகும் வெள்ளி மட்டும்தான். ஆனால் எங்கள் லீக்கில் அதுவரை ஆடிய எட்டு அணியும் பெரும்பாலும் ஆபீஸ், கடை ஆட்கள். சனிக்கிழமையும் மைதானம் கிடைக்கும் என்றதும் லீக் தலைவர் மஹ்மூது காக்காவுக்கு ஆசை வந்துவிட்டது.

காக்கா காயல்பட்டினத்துக்காரர். துபாயின் தேராவில் துணிக்கடை. வயது அறுபதை நெருங்கியும் பந்தைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு உதை உதைக்காமல் போகமாட்டார். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; அந்த லீக்கில் அவர் எல்லோருக்கும் காக்கா.

"தம்பி, எட்டே அணி ஆடி ஆடிச் சலிச்சுப் போச்சு. பத்தாக்கிடுவோம்" என்றார். "பஹ்ரைன்ல குதைபியாவுல நம்ம பக்கத்துக் கல்லூரிப் பசங்க ஒரு அணி வச்சிருக்காங்க. வியாழக்கிழமை ஃபிளைட் பிடிச்சு வந்தா வெள்ளி ஒண்ணு, சனி ஒண்ணு ஆடிட்டுத் திரும்பிடுவாங்க. இன்னொரு அணியும் கேட்டிருக்கு. தெக்கத்தி அரசு கலைக் கல்லூரிப் பசங்க. ஷார்ஜாவுல முவைலாப் பக்கம் இருக்காங்களாம்."

குதைபியா அணியில் காக்காவின் தங்கை மகன் ஆடுகிறான் என்பது எனக்குத் தெரியும். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நினைத்துக்கொண்டேன். அதோடு, மனிதர் தன் சொந்தக் கல்லூரி அணி சுலபமாக ஜெயிப்பதற்காக இரண்டு சோப்ளாங்கி அணிகளை உள்ளே கொண்டுவருகிறார் என்று எனக்குள்ளேயே தீர்ப்பும் எழுதிவிட்டேன். அப்படி ஒரு புத்தி எனக்கு.

அரசுக் கல்லூரி அணியின் கேப்டன் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் என் அறைக்கு வந்தான். பெயர் முருகேசன். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கறுத்து, ஒடிசலாக, கழுத்தில் வெயில் கோடு போட்டவன். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சார்" என்றான். மடித்து மடித்துக் கோடு விழுந்த ஒரு ஜெராக்ஸை நீட்டினான். பட்டச் சான்றிதழின் நகல்.

"ஒரிஜினல்?"

"ஊர்ல இருக்கு சார்."

என் காமாலைக் கண் அங்கேயே விழித்துக்கொண்டது. வளைகுடாவுக்கு வருகிற பட்டதாரி வேட்டியை மறந்துவிட்டு வருவான், ஒரிஜினலை மறந்துவிட்டு வருவானா? முத்திரை மேல் முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டல்லவா வருவான்.

"கம்பெனி போன் நம்பர் குடு. ஏதாவதுன்னா கூப்பிடறேன்."

"அது வேணாம் சார். நானே கூப்பிடுறேன். கம்பெனிக்கு மட்டும் போன் பண்ணிப்பிடாதீக."

அடுத்தது ஆட்ட நேரம். அவன் கேட்டது எனக்கு இன்னும் விநோதமாகப் பட்டது. சனிக்கிழமை ஆட்டமே வேண்டாம். வெள்ளிக்கிழமை, அதுவும் நாலு மணி. மூன்று மணி என்றால் வரமுடியாது, ஐந்தரை என்றால் இருக்கமுடியாது. லீக்கிலேயே எல்லோரும் ஆசைப்படும் நேரம் அந்த நாலு மணிதான். வெயில் தாழ்ந்திருக்கும், காற்று வரும். நேற்று வந்த அணி அதைக் கேட்கிறது. எதற்கு என்று கேட்டால் "பஸ்சு சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கிளம்பும்போது கை கொடுத்தான். உள்ளங்கை சிமெண்டு பட்டு வெடித்து, உப்புத்தாள் போல இருந்தது. கெமிஸ்ட்ரி படித்த கையா இது என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

பென்சிலில் அட்டவணை போட்டேன். பத்து அணி, ஒன்பது வாரம். குதைபியா மட்டும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்து இரண்டிரண்டு ஆட்டம் ஆடும். முதல் வாரம், வெள்ளிக்கிழமை, நாலு மணி: அரசுக் கல்லூரியும் குதைபியாவும். புது அணிகள் இரண்டையும் முதலில் மோதவிட்டால் யார் எப்படி என்று தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. பேனாவால் எழுதுவதற்கு முன்னால் காக்காவிடம் சொன்னேன், "அந்த கேப்டன் மேல எனக்குச் சந்தேகம்."

"சர்டிபிகேட் நகல் பாத்தியல்ல?"

"பாத்தேன். அதுதான் சந்தேகம்."

"அப்ப போதும் தம்பி. சந்தேகத்துக்கு ஒரு அளவு வேணும். பந்து ஆடத்தானே வர்றான், பொண்ணு கேட்டா வர்றான்?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார். காக்கா இவ்வளவு சுலபமாக விடுகிறார் என்றால் அதிலும் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு ஃபாரத்தில் கையெழுத்துப் போட முருகேசன் வந்தான். அன்று ஓவர்டைம் போலிருக்கிறது. வேலை உடுப்பான நீல நிற கவராலோடு வந்திருந்தான். முதுகில் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. போன் நம்பர் தரமாட்டேன் என்றவன் முதுகிலேயே விலாசத்தைக் கொண்டுவந்துவிட்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி ஃபேக்ஸ் எண் எடுத்தேன். மைதானத்தின் லெட்டர்ஹெட்டில், சுத்தமான ஆங்கிலத்தில் எழுதினேன்: இந்தப் பெயருடையவர் தங்கள் நிறுவனத்தில் வேலை செய்கிறாரா, இவர் பி.எஸ்ஸி. பட்டதாரிதான் என்பதை உறுதி செய்ய இயலுமா, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்பினேன். காகிதம் மெஷினுக்குள் போய் வெளியே வந்தது. டீ குடிக்கப் போனேன்.

பதில் ஃபேக்ஸ் வரவில்லை. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம்.

"சார், முருகேசன். நீங்க எங்க கம்பெனிக்குப் பேப்பர் ஏதும் அனுப்புனீகளா?"

"ஆமா. ஏன்?"



"நான் கெஞ்சிச் சொன்னேனே சார், கம்பெனிக்கு வேணாமுன்னு" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவனை அனுப்பிய ஏஜெண்டு பெட்டி கட்டும்போதே சொல்லிவிட்டானாம்: 'படிச்சிருக்கேன்னு வாயைத் தெறக்காத. அஞ்சாப்புன்னு சொல்லு. படிச்சவனை லேபர் வேலைக்கு எடுக்க மாட்டாக. படிச்சவன் கான்ட்ராக்டை வாசிப்பான், கேள்வி கேப்பான்.' அதனால்தான் ஒரிஜினல் ஊரில். அதனால்தான் கம்பெனி போன் வேண்டாம். சனிக்கிழமை டியூட்டி. வெள்ளிக்கிழமை இரண்டரைக்குத் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எங்கள் பக்கத்துக் கடைத்தெருவுக்கு ஒரு பஸ் வரும், ஆறரைக்குத் திரும்பும். அந்த பஸ்ஸில் வந்து, அந்த பஸ்ஸில் போகவேண்டும். நாலு மணிக்கு அதுதான் காரணம். நான் சேர்த்துவைத்த சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஒன்றைக்கூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை.

"இதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல சார். ரெண்டு மாசத்துக்கு முந்தி கேம்ப்ல தண்ணி சரியா வரலைன்னு யாரோ லேபர் ஆபீசுக்கு இங்கிலீஷ்ல மனு எழுதிப் போட்டுட்டாக. எழுதுனது யாருன்னு அன்னையிலேர்ந்து தேடிக்கிட்டிருக்காக. இப்ப உங்க பேப்பரைப் பாத்துட்டு நாந்தேன்னு முடிவு பண்ணிட்டாக. நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லிருக்காக. விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்புனா தடை விழும் சார். வேற கம்பெனிக்கும் வர முடியாது. எங்க வீட்ல நான் ஒருத்தந்தேன் சார்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பென்சில் அட்டவணை மேசைமேல் இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்றுகூடச் சொல்லமுடியாது, நான் பிள்ளையார் பிடிக்கவே உட்காரவில்லை. ஆளைப் பிடிக்க உட்கார்ந்தேன், பிடித்தும் விட்டேன்.

காக்காவின் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் முன்னால் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, விரித்துக் காட்டிக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

"நீ என்னையும்தான் சந்தேகப்பட்டே. அது எனக்குத் தெரியும். அது கெடக்கட்டும். நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லிருக்கான்?"

"பத்து மணி."

"எட்டரைக்கு வண்டி எடுக்கிறேன். உன் லெட்டர்ஹெட்டைக் கொண்டா."

மறுநாள் ஷார்ஜா ரோட்டில் வண்டி நின்று நின்று நகர்ந்துகொண்டிருக்கும்போது, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு இரண்டாவது கடிதத்தை எழுதினேன். எங்களிடம் பதிந்திருக்கும் முருகேசன் வேறு ஆள், தங்கள் ஊழியர் அல்ல, பெயர் ஒற்றுமையால் நேர்ந்த தவறு, வருந்துகிறோம்.

"பொய்யாச்சே காக்கா."

"பொய்தான். பாவத்தை நான் பாத்துக்கிறேன், நீ எழுத்தைப் பாரு."

"இப்படி எழுதிட்டா அவன் நம்ம லீக்ல ஆட முடியாதே. ஒருநாள் எவனாவது வந்து பாத்தா..."

"ஆட முடியாது. அணி போச்சுன்னு வச்சுக்க. ஆளாவது மிஞ்சட்டும்."

கம்பெனி ஆபீஸ் ஏசியில் உறைந்துபோயிருந்தது. அட்மின் ஆபீசர் ஒரு வடநாட்டுக்காரர். மெலிந்த மீசை, மெதுவான பேச்சு. முருகேசன் கவராலோடு, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றான். எங்களைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் முதல் கடிதம் மேசைமேல் இருந்தது. பட்டதாரி என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

ஆபீசர் இரண்டாவது கடிதத்தைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். அதே பார்வையைத்தான் நான் பல வருடமாக அடுத்தவர்மேல் வீசிக்கொண்டிருந்தேன்.

"பாய், ஞாயித்துக்கிழமை இவன் பட்டதாரி. வியாழக்கிழமை இல்லை. நடுவுல நாலு நாள்ல என்ன ஆச்சு?" என்று இந்தியில் கேட்டார். "நீங்க நிஜமாவே கிரவுண்டு ஆளா? இல்ல வேற எங்கேயிருந்தாவது வர்றீங்களா?"

காக்கா சிரித்துக்கொண்டே தன் இந்தியில் பேசினார். தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு முருகேசன், எங்கள் லீக்கிலேயே மூன்று முருகேசன், இந்தத் தம்பி அவசரக்குடுக்கை, டைரக்டரியைப் பார்த்துக் கண்டபடி ஃபேக்ஸ் அனுப்பிவிட்டான். நான் அவசரக்குடுக்கையாகத் தலை குனிந்தேன். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

"அச்சா" என்றார் ஆபீசர். நம்பவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். ஏதோ எழுதினார். முருகேசனைக் கிட்டே கூப்பிட்டு, "இதர் தேக்கோ, இங்க பாரு" என்று அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இரண்டே வரி. உன் விசா ரத்து. நாளைக்கு நீ ஊருக்குப் போகிறாய்.

ஆபீசர் காகிதத்தைப் பார்க்கவில்லை, முருகேசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அன்றைக்கு மைதானத்தில் ரஃபீக் என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டேனே, இதுவும் அதுதான். நான் கூப்பிட்டவன் தோற்றதில் ஒரு ஆட்டம்தான் போனது. இவன் தோற்றால் எல்லாம் போகும்.

படிக்கத் தெரிந்தவன் முன்னால் எழுத்தைப் பிடித்தால் அவன் விரும்பாவிட்டாலும் கண் இடமிருந்து வலமாக ஓடிவிடும். முருகேசனின் கண் ஓடவே இல்லை. சுவரைப் பார்ப்பதுபோல அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டைப் பிடித்திருந்த விரல் நகங்கள் மட்டும் வெளுத்திருந்தன. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"என்ன சார் எழுதியிருக்காரு?"

காகிதத்தை இன்னொரு முறை பார்ப்பதுபோலக் குனிந்தேன்.

"ஒண்ணுமில்லப்பா. உன் பேரை எழுதியிருக்காரு."

"சரிங்க சார்" என்றான்.

ஆபீசர் இன்னும் சில நொடிகள் பார்த்தார். காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். டைப் செய்து தயாராக வைத்திருந்த வேறொரு தாளை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது இது: நான் எந்தக் கல்லூரியிலும் படித்தவன் அல்ல, ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை, என் கையொப்பம். பேனாவைத் திறந்து, கூர்ப் பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படி நீட்டினார். அந்தப் பேனாவை அவன் எப்படிப் பிடிக்கிறான் என்று பார்ப்பதற்குத்தான் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

முருகேசன் பேனாவை வாங்கவில்லை. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இடது கைக் கட்டைவிரலை நீட்டினான்.

ஆபீசர் மேசை இழுப்பறையில் மைப்பட்டையைத் தேடி எடுத்தார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, சிமெண்டில் வெடித்த அந்த விரலை மையில் ஒற்றி, தாளில் நிதானமாக உருட்டி அழுத்தியது. அவனுடைய கான்ட்ராக்டை ஃபைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அதிலும் கட்டைவிரல் ரேகைதான். ஏஜெண்டு கெட்டிக்காரன்.

"கலாஸ், முடிஞ்சுது. டியூட்டிக்குப் போ" என்றார் ஆபீசர். எங்களுக்கு டீ வேண்டுமா என்று கேட்டார். காக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெளியே சைட்டுக்குப் போகும் பிக்கப் வண்டி நின்றுகொண்டிருந்தது. முருகேசன் விரலைக் கவராலில் தேய்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் நின்றான். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"சார், மொத மேட்ச் எங்களுக்கு யாரோட போட்டிருந்தீக?"

"குதைபியா அணியோட. வெள்ளிக்கிழமை."

"எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்கு."

கொஞ்சம் யோசித்தான். தங்கை மகன் ஆடும் அணி என்று தெரியாமல் காக்காவின் முகத்துக்கு நேரே சொன்னான்.

"ஜெயிச்சிருப்போம் சார்."

வண்டியில் ஏறிவிட்டான்.

அந்த மனுவை எழுதியது முருகேசன்தானா என்று நான் கேட்கவில்லை. அவன்தான் என்று நினைக்கிறேன். என் வாழ்க்கையில் மரியாதையோடு பட்ட சந்தேகம் அது ஒன்றுதான். அந்தக் கேம்ப்புக்குத் தண்ணீர் லாரி அதன்பிறகு தினமும் வந்ததாகக் கேள்வி.

நீங்கள் இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் யாரையும் சந்தேகப்படக்கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு சீசன் ஓட்டமாட்டீர்கள். ரஃபீக்குகள் வருவார்கள். நான் சொல்வது வேறு. நான் அந்த வருடம் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். முருகேசனின் ஜெராக்ஸை, அவன் கையை, அவன் கேட்ட நேரத்தை, காக்காவின் ஆசையை, காக்காவின் சிரிப்பைக்கூட. முதுகில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருந்த அந்தக் கம்பெனியை மட்டும் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அங்கே உண்மை எழுதி வைத்திருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள் என்று நம்பினேன். என் சந்தேகம் முழுக்க எனக்குக் கீழே இருப்பவனைப் பார்த்தே போனது, மேலே பார்க்கவே இல்லை. ஒருவனைப் பற்றி வேறொரு இடத்தில் விசாரிப்பதற்கு முன்னால், விசாரித்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று அவனிடமே கேளுங்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். நான் நாற்காலியைக் காட்டினேனே தவிர, அவன் ஏன் உட்காரவில்லை என்று யோசிக்கவில்லை.

அரசுக் கல்லூரி அணி விலகிக்கொண்டது. முருகேசனோடு பதினான்கு பேர். பதினான்கு பேரும் வெவ்வேறு கம்பெனி. எல்லோரும் அங்கே ஐந்தாம் வகுப்பு.

மிச்சம் ஒன்பது அணி. ஒற்றைப்படையில் அணிகள் இருந்தால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும். இல்லாத அணி ஒன்றை இருப்பதாக வைத்துக்கொண்டு அட்டவணை போடுவோம். அந்த இல்லாத அணியோடு யாருக்கு ஆட்டம் வருகிறதோ அவர்களுக்கு அந்தச் சுற்றில் ஓய்வு. நான் பென்சில் அட்டவணையை அழிக்கவில்லை. அரசுக் கல்லூரியின் இடத்தை அப்படியே இல்லாத அணியின் இடமாக விட்டுவிட்டேன். முதல் வெள்ளி, நாலு மணி, குதைபியாவுக்கு ஓய்வு. சனிக்கிழமை ஒரே ஒரு ஆட்டத்துக்காகவா ஃபிளைட் பிடித்து வருவது என்று அவர்கள் போனில் சத்தம் போட்டார்கள். காக்கா அவர்களை ஏதோ சொல்லி அடக்கினார்.

அந்த நாலு மணியை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. லீக் வேண்டாம், பட்டியல் வேண்டாம், சும்மா வந்து உங்களுக்குள் ஆடிவிட்டுப் போங்கள், ஒவ்வொரு வெள்ளியும் மைதானம் உங்களுக்குத்தான் என்று காக்கா மூலம் சொல்லி அனுப்பினேன். காக்கா முவைலாவில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் சொல்ல, அவர் முருகேசனிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் காக்கா வந்தார்.

"பதில் வந்துருக்கு" என்றார்.

"என்னவாம்? வர்றாங்களா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டானாம்." காக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாசல் கேட்டுல பேர் எழுதணுமான்னு."

எழுதவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சத்தியம் என்றும் சொல்லச் சொன்னேன். அந்தச் சீசனின் ஒன்பது வெள்ளிக்கிழமையும் மூன்றரை மணிக்கு ஆளைவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லி, வருகிறவர் பெயர் எழுதும் வாசல் புத்தகத்தை என் மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நாலு மணிக்கு வாசலில் போய் நின்றேன். அவர்கள் வரவில்லை.